தஞ்சம் தந்த நாட்டின் கோல் கம்பத்தில்: மிலான் போர்யான்

2024 ஜூன் 11 அன்று தோஹாவில் இந்தியாவும் கத்தாரும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மோதின. 73-ஆவது நிமிடம் வரை நம் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. அப்போது கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்ட பந்தைக் கத்தார் வீரர் உள்ளே இழுத்துவிட, இன்னொருவர் அதைக் கோலாக்கினார். நடுவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். பந்து வெளியே போனதைக் கண்ணால் பார்த்த நம் கோல் கீப்பரும் அன்றைய கேப்டனுமான குர்பிரீத் சிங் சந்துவுக்குத் தலையில் கை வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆட்டம் 2-1 என்று போயிற்று. அந்த அநியாயக் கோலைப் பற்றி நம் பகுதியில் எவ்வளவு பேசினார்களோ, அதே அளவுக்கு இன்னொரு விஷயத்தையும் பேசினார்கள். கத்தார் அணிப் பட்டியலில் தஹ்சீன் முஹம்மது ஜம்ஷீத் என்று ஒரு பெயர் இருந்தது. கண்ணூர்க் குடும்பத்துப் பிள்ளை. தோஹாவில் பிறந்து வளர்ந்து அல்-துஹைல் கழகத்துக்கு ஆடுபவர்.

"நம்ம பிள்ளை நமக்கு எதிராகவா?" என்று கேட்டவர்கள் உண்டு. துரோகம் என்ற சொல்லையும் சிலர் கூசாமல் எழுதினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி எழுதியவர்களில் பலருடைய பிள்ளைகள் அதே தோஹாவிலும் தம்மாமிலும் ஷார்ஜாவிலும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். நம் மஹல்லாவில் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ ஆள் அனுப்பாத வீடு எத்தனை இருக்கும்? இப்போது கனடா, ஆஸ்திரேலியா என்று குடியுரிமையோடு போகிறவர்களும் இருக்கிறார்கள். நாளை அவர்களுடைய பிள்ளைகள் எந்த நாட்டின் ஜெர்சியைப் போடுவார்கள், போடலாமா என்பது நம் வீட்டுக் கேள்வி.

ஆகவே இந்த இதழில், பிறந்த மண் ஒன்றாகவும் ஆடும் நாடு வேறாகவும் அமைந்த ஒரு கோல் கீப்பரின் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பெயர் மிலான் போர்யான். கனடா நாட்டுக்கு ஏறத்தாழ 80 ஆட்டங்களில் காவல் நின்றவர்.

போர்யான் 1987 அக்டோபர் 23 அன்று க்னின் என்ற ஊரில் பிறந்தார். அன்று அது யூகோஸ்லாவியா, இன்று குரோவாசியா. அவர் குடும்பம் செர்பியக் குடும்பம். யூகோஸ்லாவியா உடைந்தபோது குரோவாசியாவில் இருந்த செர்பியர்கள் தனி அரசு என்று ஒன்றை அறிவித்து, க்னினைத் தலைநகராக வைத்துக்கொண்டார்கள். 1995 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் குரோவாசிய ராணுவம் படையெடுத்து இரண்டே நாளில் க்னினைப் பிடித்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட செர்பியர்கள் டிராக்டரிலும் காரிலும் மூட்டை முடிச்சுகளோடு கிளம்பினார்கள். மைல் கணக்கில் நீண்ட அந்த வரிசையில் ஏழு வயதுப் பையனாகப் போர்யானும் இருந்தார். குடும்பம் பெல்கிரேடு போய்ச் சேர்ந்தது.

செர்பியர் என்றதும் நம் வாசகர்களுக்கு ஸ்ரெப்ரெனிட்சா நினைவுக்கு வரும். வர வேண்டியதுதான். க்னின் விழுவதற்கு ஒரு மாதம் முன்னால்தான், 1995 ஜூலையில், அங்கே எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட போஸ்னிய முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் போஸ்னிய செர்பியப் படையினர் கொன்றார்கள். அதை நாம் மறக்கப் போவதில்லை. ஆனால் டிராக்டரில் உட்கார்ந்து வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போன ஏழு வயதுப் பிள்ளையின் மேல் அந்தக் கணக்கை எழுதுவதற்கு நம் மார்க்கத்தில் இடம் இல்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார்.

2000-ஆம் ஆண்டில் அந்தக் குடும்பத்துக்குக் கனடா இடம் கொடுத்தது. ஒன்டாரியோ மாகாணத்தில் ஹாமில்டன் என்ற உருக்காலை நகரம். மொழி தெரியாத ஊரில், பதின்மூன்றாம் வயதில், வட்டாரச் சிறுவர் அணிகளில் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். அந்தக் காலத்துக் கனடாவில் ஐஸ் ஹாக்கிக்குத்தான் மவுசு. கால்பந்தை நம்பிப் பிழைக்க நினைத்தவன் ஊரைவிட்டுப் போக வேண்டும். போர்யானும் போனார். உருகுவே, அர்ஜென்டினா என்று தென் அமெரிக்கக் கழகங்களில் இளைஞராகப் பயின்றார். பிறகு பெல்கிரேடின் ராத் கழகம், துருக்கியில் சிவாஸ்ஸ்போர், ருமேனியா, பல்கேரியா, போலந்து என்று நீளுகிறது பட்டியல். வளைகுடாவில் இரண்டு வருடத்துக்கு ஒரு கம்பெனி மாறி, ஒவ்வொரு முறையும் புது விசா, புது அறை, புதுச் சமையல் என்று வாழும் நம் பிள்ளைகளின் கதைதான். சம்பளம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

கோல் கீப்பர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போவோம். முன்னால் ஆடுகிறவன் பத்து வாய்ப்பை வீணடித்துவிட்டு ஒன்றைப் போட்டால் வீரன். கோலி பத்தைப் பிடித்து ஒன்றை விட்டால் அந்த ஒன்றுதான் ஊர் வாயில் நிற்கும். அதோடு ஓர் அணிக்கு ஒரே ஒரு கோலிதான். மற்ற இடங்களில் இரண்டாவது, மூன்றாவது ஆளுக்கு மாற்று ஆட்டக்காரனாகவாவது இறங்க வாய்ப்பு உண்டு. இங்கே அதுவும் அரிது. அப்படிப்பட்ட இடத்தில் வெளிநாட்டில் பிறந்த ஒருவரை நிறுத்துவது என்றால், அந்த நாடு அவரை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

2014 செப்டம்பர் 16. பல்கேரியாவின் லூதோகோரெட்ஸ் கழகம் சாம்பியன்ஸ் லீக்கில் முதன்முதலாக ஆடுகிறது. இடம், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானம். கோலி போர்யான். 90 நிமிடம் முடிந்து கூடுதல் நேரத்தில் லூதோகோரெட்ஸ் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. யாரும் எதிர்பாராத முடிவு வரப்போகிறது என்று இருந்த நேரத்தில், பந்தைத் தட்டப் பாய்ந்த போர்யான் எதிரணி வீரரை இடறிவிட்டார். பெனால்டி. ஜெரார்டு அடித்தார். 2-1. ஒரு நொடியில் எல்லாம் போயிற்று.

நான்கு வருடம் கழித்து, 2018 நவம்பர் 6 அன்று அதே லிவர்பூல் பெல்கிரேடுக்கு வந்தது. இப்போது போர்யான் செர்பியாவின் புகழ்பெற்ற ரெட் ஸ்டார் கழகத்தின் கோலி. அந்த வருடம் ஐரோப்பாவையே வெல்லப்போகிற அணி லிவர்பூல். ரெட் ஸ்டார் 2-0 என்று ஜெயித்தது. வலைக்குள் ஒரு பந்துகூடப் போகவில்லை. பழைய பெனால்டியைப் பற்றி அன்றைக்கு யார் பேசியிருப்பார்கள்?

பெல்கிரேடு ரசிகர்கள் அவரைத் தங்கள் சொந்தப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். செர்பிய லீக் கோப்பையைத் தொடர்ந்து பல முறை கையில் ஏந்தினார். தான் செர்பியர் என்பதை அவரும் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனாலும் நாட்டுக்காக ஆட அழைப்பு வரும்போதெல்லாம் விமானம் ஏறிக் கனடாவுக்குப் போனார். 2011 பிப்ரவரியில் கிரீஸ் நாட்டுக்கு எதிராகக் கனடாவுக்கு முதல் ஆட்டம் ஆடியவர், அதன் பிறகு மாற்றவில்லை. அப்போது கனடா உலகக் கோப்பைப் பக்கம் போய் 25 வருடம் ஆகியிருந்தது. உலகத் தர வரிசையில் நூறைத் தாண்டிக் கிடந்த காலமும் உண்டு. பேருக்கும் புகழுக்கும் ஆசைப்பட்டுத் தேர்ந்த அணி என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தக் கனடா மெல்ல மெல்ல எழுந்தது. 2021 நவம்பர் 16 அன்று எட்மன்டன் நகரில் மெக்சிகோவுடன் ஆட்டம். உறைநிலைக்கும் ஒன்பது டிகிரி கீழே குளிர். மைதானத்தின் ஓரத்தில் பனிக் குவியல். போர்யானுக்கு ஒரு வழக்கம் உண்டு. குளிரோ வெயிலோ, மற்ற கோலிகளைப் போல அரைக்கால் சட்டை போடாமல் தொளதொளவென்று ஒரு சாம்பல் நிற முழுக்கால் சட்டையில்தான் வருவார். நம் ஊரில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போஸ்டில் நிற்கும் சில மூத்த கோலிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று கனடா 2-1 முன்னிலையில் இருந்தபோது, கடைசி நிமிடத்தில் மெக்சிகோ வீரர் தலையால் முட்டிய பந்து கோட்டைத் தாண்டப் போனது. போர்யான் விழுந்து கோட்டின் மேலேயே அதைத் தடுத்தார். இரண்டு மாதம் கழித்து, 2022 ஜனவரி 30 அன்று அமெரிக்காவை 2-0 என்று கனடா வென்ற ஆட்டம் நடந்த இடம் ஹாமில்டன். பதின்மூன்று வயதில் அகதிப் பிள்ளையாக வந்து இறங்கிய அதே ஊரில், அந்த நாட்டின் கோல் கம்பத்தில் நின்று ஒரு கோலும் விடாமல் ஜெயித்தார். மார்ச் 27 அன்று ஜமைக்காவை 4-0 என்று தோற்கடித்து, 1986-க்குப் பிறகு முதல் முறையாக உலகக் கோப்பைக்குக் கனடா தகுதி பெற்றது.

அடுத்து நடந்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். கத்தார் உலகக் கோப்பை. 2022 நவம்பர் 27 அன்று கனடா விளையாட வேண்டிய அணி எது? குரோவாசியா! எந்த ஊரிலிருந்து ஏழு வயதில் விரட்டப்பட்டாரோ அந்த ஊரின் நாடு.

ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடத்திலேயே கனடா கோல் போட்டது. உலகக் கோப்பையில் கனடா ஆடவர் அணி போட்ட முதல் கோல் அதுதான். போட்டவர் அல்போன்சோ டேவிஸ். லைபீரியா நாட்டுப் போருக்குத் தப்பி ஓடிய பெற்றோருக்கு, கானா நாட்டின் புதுபுராம் அகதி முகாமில் பிறந்தவர். ஐந்து வயதில் கனடா வந்தவர். ஆக அன்றைய கனடா அணியின் ஒரு முனையில் ஓர் அகதிப் பிள்ளை, மறு முனையில் இன்னோர் அகதிப் பிள்ளை. ஆனால் குரோவாசியா அனுபவம் மிகுந்த அணி. ஆட்டம் 4-1 என்று முடிந்தது.

தோல்வியைவிட மோசமானது பார்வையாளர் பகுதியில் நடந்தது. குரோவாசிய ரசிகர்களில் ஒரு கூட்டம், டிராக்டர் கம்பெனி ஒன்றின் கொடியை எடுத்துவந்து, "க்னின் 95" என்று எழுதி, போர்யானைப் போல ஓட யாராலும் முடியாது என்ற பொருளில் கேலி வாசகம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றது. உயிர் பிழைக்கக் குடும்பம் ஓடியது அவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கிறது. ஆட்டம் முழுவதும் வசை. அவருடைய கைப்பேசிக்கும் வசைச் செய்திகள் வந்து குவிந்தன. பிறகு உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, குரோவாசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் விதித்தது. அபராதம் சரிதான். ஆனால் ஏழு வயதில் கேட்ட வெடிச் சத்தத்தை முப்பத்தைந்து வயதில் ஸ்டேடியத்தில் மறுபடி கேட்டவருக்கு அந்தப் பணத்தால் என்ன ஆகப்போகிறது?

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 1 அன்று, கனடாவின் கடைசி ஆட்டம் மொராக்கோவோடு. நாலாவது நிமிடத்தில் பந்தை விலக்கக் கட்டத்தை விட்டு வெளியே ஓடிவந்த போர்யான், அதைச் சரியாக அடிக்காமல் ஹகீம் சியேஷின் காலுக்கே கொடுத்துவிட்டார். சியேஷ் அவர் தலைக்கு மேலாகத் தூக்கி வலையில் போட்டார். மொராக்கோ 2-1 என்று வென்றது. நாம் அன்று மொராக்கோவுக்காகக் கைதட்டினோம், மறைக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த ஆட்டத்தில் நாம் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. எதிர் முனையில் மொராக்கோவின் கோலி யாஸீன் பூனூ. போனோ என்று எல்லோரும் அழைக்கிறோமே, அவரேதான். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? 1991 ஏப்ரல் 5 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில். சிறு வயதிலேயே குடும்பத்தோடு காசாபிளாங்காவுக்குத் திரும்பி, வைதாத் கழகத்தில் வளர்ந்தவர். அதாவது, குரோவாசியாவில் பிறந்தவர் கனடாவுக்குக் காவல் நிற்கிறார்; கனடாவில் பிறந்தவர் மொராக்கோவுக்குக் காவல் நிற்கிறார். ஐந்து நாள் கழித்து ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு பெனால்டிகளைத் தடுத்த போனோவை நாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். அந்த மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். ஸ்பெயினிலும் பிரான்சிலும் நெதர்லாந்திலும் பிறந்து, அந்த நாட்டுப் பள்ளியில் படித்து, அந்த நாட்டுப் பயிற்சியில் வளர்ந்தவர்கள் மொராக்கோவைத் தேர்ந்தெடுத்தபோது 'நன்றி கெட்டவர்கள்' என்று நாம் சொன்னோமா? தாய் மண் பாசம் என்றோம். அப்படியானால் கண்ணூர்ப் பிள்ளைக்கு மட்டும் ஏன் வேறு தராசு?

போர்யானோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொருவரும் உண்டு, அஸ்மிர் பெகோவிச். அதே 1987-இல், ஜூன் 20 அன்று, போஸ்னியாவின் த்ரெபின்யே நகரில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் போரில் த்ரெபின்யேயின் முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள், அங்கிருந்த உஸ்மான் பாஷா பள்ளிவாசல் 1993 ஜனவரியில் எரிக்கப்பட்டது. நான்கு வயதில் ஜெர்மனிக்கு ஓடி, பத்து வயதில் கனடாவின் எட்மன்டனுக்கு வந்து சேர்ந்தார் பெகோவிச். அவரும் கோலி. 2007-இல் கனடாவிலேயே நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கனடா ஜெர்சியில் ஆடினார். ஆனால் மூத்த அணிக்கு ஆடும் நேரம் வந்தபோது, 2009-இல், போஸ்னியாவைத் தேர்ந்தெடுத்தார். கனடா ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். ஐந்து வருடத்தில், 2014-இல், போஸ்னியா என்ற சின்ன நாடு முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனபோது, மரக்கானா மைதானத்தில் மெஸ்ஸியின் அர்ஜென்டினாவுக்கு எதிரே கோல் கம்பத்தில் நின்றவர் அவர்.

ஒரே போர், ஒரே வயது, ஒரே தொழில், ஒரே தஞ்ச நாடு. ஒருவர் தங்கினார், ஒருவர் திரும்பினார். இவர்களில் யார் செய்தது சரி என்று கேட்டு விவாத மேடை போட நமக்கு விருப்பமில்லை. பெகோவிச்சுக்குப் போஸ்னியா என்று திரும்பிப் போக ஒரு நாடு மிச்சம் இருந்தது. போர்யானுக்குத் தன் பிறந்த ஊரில் கேலிக் கொடிதான் மிச்சம் இருந்தது. வீட்டுக்குள் இருக்கும் காரணம் வாசலில் நிற்பவனுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் துரோகி என்று பட்டம் கட்டுவது அவதூறு. அவதூறு எவ்வளவு பெரிய பாவம் என்று நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் சொல்லிக் கொடுக்கிறோமே!

'இவன் நம் ஆள், இவன் அடுத்த ஆள்' என்று எழுதுகிறவர்கள் நம் சரித்திரத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். மக்காவில் கொடுமை தாங்காமல் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் போன தோழர்களுக்கு நஜ்ஜாஷி மன்னர் அடைக்கலம் கொடுத்தார். அவர் ஆட்சிக்கு எதிராக ஒருவன் கிளம்பி வந்தபோது, முஹாஜிர்கள் அது வேறு நாட்டுச் சண்டை என்று சும்மா இருக்கவில்லை. மன்னர் வெல்ல வேண்டும் என்று துஆ செய்தார்கள். போர் நைல் நதிக்கு அந்தப் பக்கம் நடந்தது. செய்தி அறிந்து வர, வயதில் இளையவரான ஸுபைர் (ரலி) காற்று ஊதிய தோல் பையை மார்பில் கட்டிக்கொண்டு நதியை நீந்திக் கடந்தார் என்றும், வெற்றிச் செய்தியோடு அவர் துணியை வீசிக்கொண்டு திரும்பி வந்ததைப் போல மகிழ்ச்சியான நேரம் தங்களுக்கு வாய்க்கவில்லை என்றும் உம்மு ஸலமா (ரலி) அறிவித்த செய்தி சீரா நூல்களில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களும், பிறந்து வளர்ந்த மக்கா தம் கைக்கு வந்த பிறகும் அங்கே குடியேறவில்லை. இனி எங்களை விட்டுவிடுவார்களோ என்று அன்சாரிகள் கலங்கியபோது, உங்களோடுதான் திரும்புவேன் என்று ஆறுதல் சொல்லி, மதீனாவுக்கே திரும்பினார்கள். மக்காவின் மேல் பாசம் குறைந்தா போயிற்று?

தமிழருக்கும் இந்தக் கதை புதிதல்ல. மலேசியாவில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தேசிய அணியின் கோலி ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பாய்ந்து பிடிப்பதைப் பார்த்து 'ஸ்பைடர்மேன்' என்று பேர் வைத்தார்கள். தமிழகத்திலிருந்து பிழைக்கப் போன சமுதாயத்தின் வழித்தோன்றல். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் எல்லாம் சேர்ந்த அந்த அணி 1980-இல் கோலாலம்பூரில் தென் கொரியாவை 2-1 என்று வீழ்த்தி மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மலேசியா ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் போகவே முடியவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்துபோனார். அவரை மலேசியாவில் இன்றும் எங்கள் கோலி என்றுதான் சொல்கிறார்கள். மலாய்க்காரரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாலிக் இப்னு தீனார் (ரஹ்) அவர்களின் காலத்தோடு நம் பள்ளிவாசலைச் சேர்த்துப் பேசும் மரபு நமக்கு உண்டு. கப்பலில் வந்த அரபு வணிகர்கள் இங்கே நிக்காஹ் முடித்து, இங்கேயே மண்ணானார்கள் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர்கள் தத்தெடுத்த நாடுதானே இது? 1956 நவம்பர் 1-க்கு முன்னால் பிறந்த நம் பெரியவர்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். வீட்டை விட்டு ஒரு அடி நகராமலேயே அவர்களுடைய மாநிலம் மாறியது. ஆற்று முகத்துக்கு அந்தப் பக்கம், தூத்தூர் முதல் நீரோடி வரையிலான கடற்கரை ஊர்களில் கால்பந்து மூச்சுக் காற்று மாதிரி. இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் போன்றவர்கள் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் ஆடினார்கள். சென்னையை விட்டுவிட்டு ஏன் கொல்கத்தாவுக்கு ஆடினாய் என்று அந்த ஊர்க்காரர்கள் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இனி, பாசத்தைத் தாண்டிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. இதைப் பெற்றோர்கள் கவனமாகப் படிக்கவும், ஏனென்றால் பந்து ஆடாத பிள்ளைக்கும் இது பொருந்தும்.

ஒரு நாட்டுக்கு ஆட அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். பிறப்பு, பெற்றோர், தாத்தா பாட்டி இவற்றில் எந்தத் தொடர்பும் இல்லாமல், பதினெட்டு வயதுக்குப் பிறகு குடியேறியவர் என்றால், அங்கே ஐந்து ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்பது ஃபிஃபா விதி. இளையோர் அணியில் ஆடியவர் மூத்த அணிக்கு வரும்போது விதிகளுக்கு உட்பட்டு மாறிக்கொள்ளலாம். பெகோவிச் மாறியது அப்படித்தான்.

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே, 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓ.சி.ஐ. அட்டை வாங்கிக்கொள்ளலாம். அது வாழ்நாள் விசா மாதிரிதான். வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது, 2008 முதல் இந்திய அணிக்கு ஆடவும் முடியாது. ஜப்பானில் இந்தியத் தந்தைக்குப் பிறந்த அராத்தா இசுமி என்ற வீரர், இந்தியாவுக்கு ஆடுவதற்காகவே ஜப்பான் குடியுரிமையை விட்டுக்கொடுத்து இந்தியக் குடியுரிமை வாங்கினார். தத்தெடுத்த நாட்டுக்கு ஆடியவர் நம் பக்கத்திலும் இருக்கிறார் என்பதற்காகச் சொல்கிறோம். அவரை ஜப்பானியர்கள் துரோகி என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

வளைகுடாவில் நிலைமை வேறு. அங்கே பிறந்தாலும் அந்த நாட்டுக் குடியுரிமை தானாக வராது. பத்தாம் வகுப்பு வரை அங்கே படித்து, அரபி பேசி, அந்த நாட்டுக் கொடி நாளில் அந்த நாட்டு நிறத்தில் உடுத்து வளர்ந்த பிள்ளை, வாப்பாவின் வேலை முடிந்தால் மூட்டை கட்டித்தான் ஆக வேண்டும். எனவே இந்தியக் குடியுரிமைதான் அந்தப் பிள்ளைக்கு உள்ள ஒரே கூரை. அந்தக் கூரையையே சில பெற்றோர் அலட்சியத்தால் ஆட்டம் காணச் செய்துவிடுகிறார்கள். 2004 டிசம்பர் 3 முதல் உள்ள சட்டம் இது: வெளிநாட்டில் இந்தியப் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தையின் பிறப்பை ஓர் ஆண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தக் குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் ஆண்டு தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு அலைச்சல் அதிகம். ஆஸ்பத்திரிச் சான்றும் அந்த நாட்டு நகராட்சிச் சான்றும் கையில் இருக்கிறதே போதாதா என்று கேட்கிறார்கள். போதாது.

போர்யான் 2024-இல் சவூதி அரேபியாவின் அல்-ரியாத் கழகத்தில் சேர்ந்தார். ரியாதில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் அவர் ஆட்டத்தை நேரிலேயே பார்த்திருக்கக்கூடும். தஹ்சீன் 2006-இல் பிறந்தவர், அவருக்கு இன்னும் நிறைய ஆட்டம் பாக்கி இருக்கிறது. இந்தியாவோடு கத்தார் மறுபடி மோதும் நாளில் நாம் இந்தியாவுக்குத்தான் கைதட்டுவோம், அதில் சந்தேகம் இல்லை. அந்தப் பிள்ளையின் காலில் பந்து வரும்போது வாயை மட்டும் கட்டுப்படுத்திக்கொள்வோம்.

வெளிநாட்டில் பிறந்த குழந்தைகளின் தூதரகப் பதிவு இன்னும் முடியாமல் இருக்கும் குடும்பங்கள், குழந்தையின் பிறப்புச் சான்று, தாய் தந்தை இருவரின் பாஸ்போர்ட் நகல், நிக்காஹ் சான்று ஆகியவற்றோடு அஸர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தால், படிவம் நிரப்பிக் கொடுக்கிறோம். கட்டணம் ஏதும் இல்லை. வெள்ளிக்கிழமை அலுவலகம் விடுமுறை.